கதவுக்குள் லேசாக ஏதோ அதிர்கிறது

எனக்கு இடது காது கொஞ்சம் மந்தம். வலது காதும் பிரமாதம் என்று சொல்லிவிட முடியாது. வாக்குமூலத்தில் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துப் பெருமைப்பட வேண்டாம்.

எங்கள் லோத்குண்டா அடுக்ககத்தில் காது என்றால் அது பக்தவத்சலத்தின் காதுதான். அவரே சொல்லுவார். புதுக் கார் வாங்கியதும் நான்கு கதவுகளிலும் பெரிய ஸ்பீக்கர் வைத்தார். ஞாயிறு காலையில் ஒவ்வொரு குடும்பமாக வரவழைத்து, காருக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தி, பாட்டைப் போட்டுவிட்டு எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் "நக்கோ அங்கிள், வேணாம், டியூஷன் இருக்கு" என்று ஓடிவிடுவார்கள். பெரியவர்கள் மாட்டிக்கொள்வோம்.

"மிட்பாஸ் சார். மிருதங்கத்துல தொப்பி விழுறது காதுல கேக்கக் கூடாது, நெஞ்சுல விழணும். உங்களுக்குச் சொன்னா புரியாது."

புரியவில்லைதான். ஆனால் அவர் வேலையில் குற்றம் சொல்ல மாட்டேன். கார்க் கதவு உள்ளே காலியான தகரம். அதில் ஓட்டைகள் வேறு. ஸ்பீக்கர் போடும் அடியில் பாதி அதற்குள்ளேயே வீணாகிவிடும். அவர் உள்பலகையைக் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, தகரம் முழுக்கத் தார் பூசிய தடித்த தாளை ஒட்டினார். முன்பெல்லாம் கதவைத் தட்டினால் டங்கென்று கேட்கும். இப்போது தலையணையைத் தட்டியது போலிருந்தது. பாட்டும் நன்றாகவே வந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை என்று எழுதிக்கொள்கிறீர்கள். அப்படியில்லை. ஊதிப்போன மனிதரிடம் கொஞ்சம் காற்றைப் பிடுங்கிவிடுவது ஒரு பொதுச்சேவை.

ஒரு ஞாயிறன்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: "கதவுக்குள்ள லேசா ஏதோ அதிருது சார்."

எதுவும் அதிரவில்லை.

அவர் முகம் வெளுத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானும் ரெண்டு நாளா கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார்.

அதன்பின் எப்படி நிறுத்துவது? அடுத்த வாரம் கதவில் தண்ணீர் பாட்டில் வைக்கிற தட்டைக் கழற்றினார். அதற்கடுத்த வாரம் ஒயர்களுக்கெல்லாம் பஞ்சு சுற்றினார். "இப்ப?" என்பார். "குறைஞ்சிருக்கு," என்பேன். அவருக்கும் குறைந்துதான் கேட்டது.

நீங்கள் கம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

என்னைச் சந்தேகப்பட்டது அவர் மனைவி வேதா மட்டும்தான். திருமுல்கேரியிலேயே பிறந்து வளர்ந்த பெண்; 'எதுக்கு' என்பதைக்கூட அந்த ஊர் வழக்கில் 'கைக்கு' என்றுதான் சொல்லுவாள். லிஃப்டில் பிடித்துக்கொண்டாள்.

"நெஜமாவே உங்களுக்குக் கேக்குதாண்ணா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே. கைக்கு அவரை இப்படி அலைய விடுறீங்க? நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, விட்டுடுவார்."

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் பதில் வரும்வரை லிஃப்டை விட்டு இறங்கவில்லை.

"சொல்லிடறேம்மா," என்றேன்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். அவள் கேட்ட வாரமே அதிர்வு நின்றுபோனால் சந்தேகம் உறுதியாகிவிடும். விஷயம் அடுக்ககம் முழுக்கப் பரவும். பிறகு என் வார்த்தைக்கு என்ன மரியாதை? அதனால் அந்த ஞாயிறும் கொஞ்சம் கேட்டது. எங்கே என்றார். உள்ளேயிருந்து கதவைத் திறக்கிற கைப்பிடிக்கும் பூட்டுக்கும் நடுவே ஓடும் மெல்லிய கம்பியைக் காட்டினேன். காட்டுவதற்கு வேறொன்றும் மிச்சமில்லை.

நான்கு கதவுகளிலும் கழற்றினார். எதையும் அரைகுறையாக விடுகிற மனிதரல்ல. அதன்பின் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத் தன் கதவைத் திறந்துகொண்டு, சுற்றி வந்து வேதாவுக்குத் திறந்துவிடுவார். "பொண்டாட்டிக்கு என்ன மரியாதை பாருங்க!" என்று எதிர்வீட்டு ஜலஜா வியந்துபோனார்.

வேதா வியக்கவில்லை. "உள்ள உக்காந்தா பயமா இருக்குண்ணா. இன்னுமா கேக்குது?"

"அடுத்த வாரம் சரியாயிடும்மா."

அந்த வியாழக்கிழமை ஹப்சிகுடாவில் அவர் வண்டியை ஓரங்கட்டி, வேதாவை உள்ளேயே உட்கார வைத்துவிட்டு இறங்கி, கண்ணாடியை ஏற்றி, சாவியை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனார். சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர் ஒயர் பற்றிக்கொண்டது. ஒயர் இழுத்தது வேறு ஆள். அதற்கு நான் பொறுப்பல்ல. சாவி இல்லாமல் கண்ணாடி இறங்காது. வேதா கதவை அடித்திருக்கிறாள். பக்கத்திலேயே டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எதுவும் கேட்கவில்லை என்கிறார்கள். அதை நம்பலாம். பக்தவத்சலம் தாளை அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் புகையைக் கண்டபிறகுதான் ஓடியிருக்கிறார்கள். வெளியிலிருந்து இழுத்ததும் கதவு சுலபமாகத் திறந்துகொண்டதாம்.

காரியமெல்லாம் முடிந்தபின் பக்தவத்சலம் என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எனக்கு அந்தச் சத்தம் ஒருநாளும் கேக்கல சார். கேட்ட மாதிரி நடிச்சேன். உங்களுக்கு நெஜமாவே கேட்டுச்சா?"

அவர் பெருமை கலக்காமல் பேசி அன்றுதான் கேட்டேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிற மனிதர். எல்லாம் வீண் என்று எப்படிச் சொல்வது?

"கேட்டுச்சு சார்," என்றேன். "அந்தக் கம்பியை நீங்க கழட்டின பிறகுதான் நின்னுச்சு."

தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கிப் போனார். நான் இரக்கமில்லாதவன் அல்ல என்பதையும் இதில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.