லீவு கொடுக்கும் செயற்கைக்கோள்

“மாரியாத்தா, காத்துல ஈரம்னு இன்னைக்கு அந்தச் சாட்டிலைட்டு சொல்லிரணும்!”

சிவகாசி பஸ்ஸில் என் முன் இருக்கையில் இருந்த அக்கா இப்படி வேண்டிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரும் அவரும் ஒரே பட்டாசுக் கம்பெனி. ஆமத்தூரில் சேர்ந்து ஏறியவர்கள்.

“எதுக்குக்கா?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“சாயந்தரம் மகளைப் பொண்ணு பாக்க வாராக. போர்மேன் லீவு இல்லைன்னுட்டான். ஈரம்னா வெடியக் காயப்போட முடியாது, கம்பெனிக்கே லீவு. தெனமும் காலையில போர்மேன் போன்ல சாட்டிலைட்டு சொல்றதத்தான பாக்கான்.”

“அம்புட்டு ஒசரத்துல இருந்து ஈரம் எப்படிக்கா தெரியும்?”

“எங்க மாமியா சட்டியத் தொறக்காமலே உப்புக் கம்மின்னு சொல்லுவால்ல? அப்படித்தான்.”

செயற்கைக்கோள் ஈரம், வெப்பம், ஓசோன் மூன்றையும் தொடாமலே அளக்கும் என்று நான் நான்கு வருடம் படித்தேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லித்தரவில்லை.

அக்காவின் போன் அடித்தது. போர்மேன்.

“ஈரம் கூடுதலாம், வேலை இல்லையாம்! ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!”

“மாப்பிள்ள வீடு எந்தூருக்கா?”

“தாயில்பட்டி. அவுகளும் குடும்பத்தோட பட்டாசு வேலைதான்.”

“அப்ப அவுகளுக்கும் இன்னைக்கு லீவுதான?”

அக்கா பதில் சொல்வதற்குள் போன் மறுபடி அடித்தது.

“சொல்லுங்க மதினி... ஆமா, எங்களுக்கும் லீவுதான்... என்னது, கெளம்பிட்டீகளா? வாங்க, வாங்க, தாராளமா வாங்க.”

போனை வைத்ததும் எழுந்து நின்று கத்தினார்.

“தம்பி, வண்டிய நிப்பாட்டுங்க! வீட்டுல எம்மக இன்னும் எந்திரிக்கவே இல்ல!”