கவிநிலாவுக்கு ரெண்டு கட்லெட்

ஹலோ... ஹலோ, ஃபவாஸ்? கொஞ்சம் சத்தமாப் பேசுடா... கேன்டீன்லயா? உள்ளயா, வாசல்லயா?... வாசல்லதான். தெரியும். உன்கூட ஒரே வயித்துல ஒம்பது மாசம் இருந்தவ நான், உன் லட்சணம் எனக்குத் தெரியாதா?

ஃபரீஹான்னு கூப்புடாத. நாலு நிமிசம் மூத்தவ. அக்கான்னு சொல்லு... சரி விடு, உள்ள போ.

போடா. காலேஜ் சேந்து அஞ்சு வாரம் ஆச்சு. தெனம் பைக் ஸ்டாண்டுல ஹெல்மெட்டக் கழட்டாம, கண்ணாடிய மட்டும் தூக்கிவுட்டுக்கிட்டு சாப்புட்டா எவன் வந்து பேசுவான்? செக்யூரிட்டிதான் வந்து பேசுவாரு... வந்தாரா? நெசமாவா? என்னா கேட்டாரு?... டெலிவரியான்னா? ஐயோ... ஐயோ, என்னால முடியல...

சிரிக்கலடா. சிரிக்கல... சரி, சிரிச்சேன். உள்ள போ.

ம்... ம்... எந்த டேபிள்ல எடம் இருக்கு?... ஜன்னலோரம் மூணு பேரா? உங்க கிளாஸ் பசங்கதான? அப்ப நேராப் போயி, 'இங்க யாராச்சும் வராங்களா, நான் உக்காரலாமா'ன்னு கேளு. அவ்ளோதான். அவனுங்க சொத்த எழுதி வாங்கப் போற மாதிரி ஏண்டா நடுங்குற?... பேரு தெரியலன்னா என்னா? ரேஷன் கார்டுலயா சேக்கப் போற?

என்னையப் பாரு. மொத நாளே கவிநிலாவப் புடிச்சிட்டேன். சாப்பாடு ஒண்ணா, லைப்ரரி ஒண்ணா... ஆமாம், ஆமாம், இன்னிக்கும் அம்மா அவளுக்குன்னு தனியா ரெண்டு கட்லெட் வச்சி வுட்டுருக்காங்க... ஆமாம், ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வரப் போறாதான். மூலக்குளத்துல எந்த ஸ்டாப்புல எறங்கணும்னு கூட சொல்லிட்டேன். பேச்ச மாத்தாத. நட.

ஒரு நிமிசம் இரு... என்னாக்கா? இல்லக்கா, நான் தள்ளி உக்காந்துக்கறேன், நீங்க படிக்கட்டப் பெருக்குங்க... ம், இன்னிக்கும் தனியாதான்க்கா... கட்லெட்டா? இருக்குக்கா, தெனம் மாதிரி ரெண்டு. கை கழுவிட்டு வாங்க, எடுத்து வைக்கறேன்.

ஹலோ, எங்க வுட்டேன்?... யாரா? அஞ்சலாட்சிக்கா. இங்க பெருக்கறவங்க... கேட்டுச்சா? உனக்கு எவ்ளோ கேட்டுச்சு?

...

எல்லாமா.

ஃபவாஸ்... டேய், அம்மாகிட்ட சொல்லாத. சத்தியமா சொல்லாத... இருக்கா. கவிநிலான்னு ஒருத்தி நெசமாவே இருக்கா. எனக்கு முன்னாடி பெஞ்சு. அவ பின்னல் எனக்கு நல்லாத் தெரியும்... பேசினேனே. ஒரு தடவ. பேனா கீழ வுழுந்துச்சு, எடுத்துக் குடுத்தேன். தேங்க்ஸ்னா. நான் 'உங்களுக்கும்'னேன்... சிரி. நல்லா சிரி. மொத்த பெஞ்சும் சிரிச்சிடுச்சு, நீ ஒருத்தன்தான் பாக்கி.

அம்மா மொத வாரம் பூரா, யாருகூட சாப்புட்ட, யாருகூட சாப்புட்டன்னு கேட்டாங்கடா. லைப்ரரி பின்னாடி படிக்கட்டுலன்னு சொன்னா அழுதுடுவாங்க. அட்டெண்டன்ஸ்ல கேட்ட பேரு, வாயில வந்துடுச்சு. அப்பறம் நிறுத்த முடியல. அவளுக்கு தேங்கா ஒத்துக்காதுன்னு வேற சொல்லி வச்சிருக்கேன், ஏன் சொன்னேன்னே தெரியல! ஞாயித்துக்கிழம அவளுக்காக நம்ம வீட்ல தேங்காச்சோறு கெடையாதாம். அத்தா காலையிலயே வைத்திக்குப்பம் போயி வஞ்சிரம் எடுக்கப் போறாராம். நான் எந்தக் கடையில போயி ஒரு கவிநிலாவ வாங்குவேன்? பயமா இருக்குடா. நெசமாவே பயமா இருக்கு.

என்னது?... டேய், அது நான் உனக்குச் சொன்னது. நான் சொன்னத எனக்கே திருப்பிச் சொல்றியா?... முடியாது... நீ மொதல்ல போ... உனக்கு மூணு பேருதான், இவ கூட நாலு பேரு உக்காந்திருக்காங்க, வேப்பமரத்தடியில. இங்கேருந்தே தெரியுது... ம்... ம்... சரி. சரிடா, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல. மூணு எண்ணுவேன். போன கட் பண்ணாத, பாக்கெட்ல போட்டுக்க. எனக்கு முக்காட்டுக்குள்ள இயர்போன் இருக்கு, ஒருத்திக்கும் தெரியாது.

அக்கா! அஞ்சலாட்சிக்கா! தப்பா எடுத்துக்காதீங்க, இன்னிக்கு கட்லெட் இல்ல. யாருக்கு வந்துச்சோ அவளுக்கே குடுக்கப் போறேன்... ஏன்க்கா சிரிக்கறீங்க? துவா பண்ணுங்கக்கா... உங்க சாமிகிட்டதான், வேற யாருகிட்ட?

ஒண்ணு... ரெண்டு... டேய், அங்க யாரு சிரிக்கறது? உக்காந்துட்டியா? நான் மூணே சொல்லல, அதுக்குள்ள... துரோகி. ஹலோ? ஃபவாஸ்? எதுனா சொல்லுடா, நான் பாதி வழியில நிக்கறேன். திரும்பிப் போனா அக்கா பாப்பாங்க... ஹலோ?...

இங்க... இங்க யாராச்சும் வராங்களா? நான் உக்காரலாமா?... ஆமாங்க. நான்தான். நான்தான் அந்த 'உங்களுக்கும்'... அப்பிடியா? எல்லாரும் இன்னமும் சொல்லிக்கிட்டு இருக்கீங்களா? ஐயோ... சொல்லுங்க, பரவால்ல. ஃபரீஹா. என் பேரு ஃபரீஹா... கட்லெட். எங்கம்மா உங்களுக்குன்னுதான்... இல்ல, பொதுவா குடுத்து வுட்டாங்க. எடுத்துக்கோங்க, கவிநிலா... அட்டெண்டன்ஸ்ல கேட்டேன்...

ஒண்ணு கேக்கலாமா? உங்களுக்கு தேங்கா ஒத்துக்குமா?... ஒத்துக்கும்! அப்பாடா, எங்க வீட்டு தேங்காச்சோறு தப்பிச்சுது... இல்ல, சும்மாதான் கேட்டேன். மொதல்ல சாப்புடுங்க, காரணத்த அப்பறம் சொல்றேன்.

டேய், இன்னும் லைன்லயா இருக்க? போன வைடா. நாங்க சாப்புடறோம்.