முதல் மாணவி

– ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸா? காத்திருக்கேன்னு சொன்னாங்களா? அப்புறம் என்ன சொன்னீங்க அத்தை?

– என்னத்தைச் சொல்ல? மருமக குளிச்சிட்டு இருக்கா, வந்ததும் பேசச் சொல்றேன்னேன். வெச்சுட்டேன். உன் போன்தான் மணியடிச்சு மணியடிச்சு உயிரை வாங்கிச்சு. கை ரெண்டும் துணியில இருந்துச்சு, ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசினேன்.

– எதுக்குக் கூப்பிட்டாங்களாம்?

– நாளைக்கு டெமோ கிளாஸ்ல என்ன பாடம் எடுக்கப் போறேன்னு கேக்கத்தான். கூப்பிட்டுச் சொல்லிடு.

– இப்பவா? அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் குரலைக் கேட்டாலே பேச வந்ததே மறந்துடுது அத்தை. தப்பே பண்ணாதவனையும் மன்னிப்புக் கேக்க வைக்கிற குரல் அது. கொஞ்சம் தைரியம் வரட்டும்.

– அதானே பார்த்தேன். தலையைத் துவட்டிட்டு இப்படி உக்காரு. பாடத்தை முதல்ல எனக்கு எடு. நான் பட்டன் தெச்சுட்டே கேக்குறேன்.

– உங்களுக்கா? சரி. ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பது கணினியின் வன்பொருளுக்கும் பயனருக்கும் இடையே செயல்படும் மென்பொருள் ஆகும்.

– ஆகும், ஆகும். எனக்கே கொட்டாவி வருது. போன ரெண்டு பள்ளிக்கூடத்துலயும் இதைத்தான் சொன்னியா?

– இதுகூட வரல. "ஆப்பரேட்டிங்"னதுமே நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. சிரிக்காதீங்க அத்தை! இந்த வேலையும் கைவிட்டுப் போச்சுன்னா, படிச்சதெல்லாம் எதுக்குன்னு ஆயிடும் எனக்கு.

– யாரு சிரிச்சா? என் வாய் அப்படித்தான். நான் என்ன கேக்குறேன்னா, அது கம்ப்யூட்டருக்குள்ள என்னதான் பண்ணுது?

– அதாவது... நம்ம வீட்டுத் தையக்கடையையே எடுத்துக்குங்க. மெஷின் இருக்கு, கத்தரி இருக்கு, துணி இருக்கு. நீங்க இல்லைன்னா தானா தெச்சுக்குமா?

– தெச்சுக்கும்னா நான் ஏன் முதுகு ஒடிய உக்காந்திருக்கேன்?

– அதான். பெட்டி, திரை, கீபோர்டு எல்லாம் சும்மா கிடக்கிற சாமான். எதை எப்போ செய்யணும்னு சொல்றதுக்கு உள்ள ஒண்ணு வேணும். சரி, மூணு பேர் அவசரம்னு வந்து நின்னா என்ன பண்ணுவீங்க?

– போன வாரம்தான் வந்தாங்களே! டாக்டரம்மா கோட்டு, மாடிவீட்டுத் திரைச்சீலை, ஒரு யூனிஃபார்ம். இதுல ஒரு ஓட்டு, அதுல ஒரு ஓட்டுன்னு மாத்தி மாத்தித் தெச்சேன். எட்டிப் பார்த்தவங்க எல்லாருக்கும் தன் துணிதான் மெஷின்ல இருக்குன்னு நினைப்பு.

– அதேதான் அத்தை, அதேதான்! கம்ப்யூட்டர்ல பாட்டு ஓடும், படம் இறங்கும், நாம டைப் அடிச்சிட்டு இருப்போம். மூளை என்னவோ ஒண்ணுதான்னு வெச்சுக்குங்க. ஆளுக்குத் துளி நேரம்னு ஆப்பரேட்டிங் சிஸ்டம் அதைச் சட்டு சட்டுன்னு பங்கு போட்டுக் குடுக்கும். நமக்கு எல்லாம் ஒண்ணா நடக்கிற மாதிரி தெரியும்.

– அட, என் பொழப்பேதான் அது!

– இன்னும் கேளுங்க. இந்த வெட்டுற மேசைதான் மெமரி. கையில இருக்கிற வேலை மட்டும் மேசையில. கரண்ட் போனா மேசை காலியாயிடும், ஆனா அலமாரில எடுத்து வெச்சது பத்திரமா இருக்கும். அந்த அலமாரில எது எங்கே இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

– என்னைத் தவிர எவனுக்குத் தெரியும்? உன் புருஷன் தேடினா கைக்குட்டைகூடக் கிடைக்காது.

– ஒருத்தர் துணியை இன்னொருத்தர் எடுக்க வந்தா?

– கையை முறிச்சுடுவேன்.

– கம்ப்யூட்டர்லயும் ஒரு புரோகிராம் இடத்துல இன்னொண்ணு கை வைக்க விடாது. இதையெல்லாம் பார்த்துக்கிறதுதான் ஆப்பரேட்டிங் சிஸ்டம்.

– யாரும்மா நாக்கு ஒட்டிக்கிச்சுன்னது? மடை திறந்த மாதிரி கொட்டுறே! எனக்கே புரிஞ்சு போச்சே.

– உங்ககிட்டன்னா வருது. அவங்க முன்னாடி நின்னாத்தான்...

– அவங்களும் சோறு திங்கிற மனுஷிதான். சரி, ஒரு சந்தேகம். இது போன்லயும் உண்டா?

– போனும் சின்னக் கம்ப்யூட்டர்தானே அத்தை.

– அப்போ கீழே நடுவுல ஒரு வட்டம் இருக்குல்ல, அதை அமுக்கினா நடக்கிறதெல்லாம் நின்னுடுதே. அது என்ன கணக்கு?

– யாரு நின்னுடுதுன்னு சொன்னது? கண்ணுக்கு முன்னாடி இருந்து ஒதுக்கி வைக்கும், அவ்வளவுதான். பாட்டு போட்டுட்டு வட்டத்தை அமுக்கிப் பாருங்க, பாட்டு அது பாட்டுக்குப் பின்னால ஓடிட்டே இருக்கும். நாமளா நிறுத்தினாத்தான் நிக்கும்.

– எதுவா இருந்தாலுமா?

– பெரும்பாலும். ஏன் அத்தை, முகம் ஒரு மாதிரி ஆகுது? ஊசி குத்திடுச்சா?

– இல்லம்மா... அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் பேசி முடிச்சதும்... சிவப்பு பட்டன் எங்கேன்னு அப்போ கண்ணாடி இல்லாம தெரியல... நான் அந்த வட்டத்தைத்தான் அமுக்கினேன்.

– அத்தை! போன் எங்கே?

– இதோ, இந்தச் சட்டைக்கு அடியில... ஐயையோ, ஏதோ நிமிஷக் கணக்கு ஓடிட்டே இருக்கே!

– ஹலோ, இருக்கேம்மா, நான்தான் ஹெட்மிஸ்ட்ரஸ். என் குரலுக்காக நீங்க மன்னிப்பு ஒண்ணும் கேக்க வேண்டாம். நாளைக்கு டெமோவுக்கும் வர வேண்டாம், திங்கக்கிழமை நேரா வகுப்புக்கே வந்துடுங்க.