மூணு புள்ளி எட்டு நாலு

— காபி கிடக்கட்டும், இதுக்குப் பதில் சொல்லுங்கோ. மூணு புள்ளி எட்டு நாலு. இது என் நம்பர்!

— கத்தாதே வேம்பு. மாடி ஆத்துக்காராளுக்குக் கேக்கும்.

— லஸ் முனை வரைக்கும் கேக்கட்டும்! பதினோரு வருஷம் முன்னாடி உங்க ஆராய்ச்சி அணு உலைக்கு நான் எழுதின பாதுகாப்பு அறிக்கை இது. தேதியை மாத்தி, முதல் பக்கத்துல உங்க பேரை அனந்தராமன்னு கொட்டை எழுத்துல போட்டுண்டுட்டேள்!

— இதப் பாரு, உலை அதேதானே? அதே தண்ணித் தொட்டி, அதே கட்டுப்பாட்டுக் கோல்...

— எரிபொருள் அதேவா? அப்போ யுரேனியம் செறிவு பத்து சதவீதம். இப்போ பத்தொம்பதே முக்கால் போடப் போறேள். கோல் ஒண்ணு மேலேயே சிக்கிண்டாலும், மிச்சக் கோலெல்லாம் இறங்கி உலையை அணைக்கணும். அணைக்குமான்னு புதுசாக் கணக்குப் போட வேண்டாமா?

— இதப் பாரு, நாளைக்குப் பாதுகாப்புக் கமிட்டி. நேரமில்லை.

— மார்கழி பூரா சபா சபாவாச் சுத்த நேரம் இருந்துதே!

— போட்டேன்.

— என்னத்தை?

— புதுக் கணக்கு. மூணு தரம் போட்டேன். அணையலை.

— அடப்பாவி! அது தெரிஞ்சுமா என் நம்பரை எழுதினேள்? அந்த உலை பக்கத்துல நிக்கறவாளுக்கெல்லாம் ஆத்துல மனுஷா இல்லையா?

— இதப் பாரு...

— எதைப் பாக்கணும்? வெக்கமா இல்லை உங்களுக்கு?

— எங்கே இடிக்கறதுன்னு உன் பழைய கணக்கையும் போட்டுப் பாத்தேன், வேம்பு. உலையை அணைக்கற கோலோட பலம் மூணு புள்ளி எட்டு நாலு இல்லை. மூணு புள்ளி நாலு எட்டு. டைப் அடிக்கறச்சே மாத்தித் தட்டியிருக்கே.

— என்ன சொல்றேள்?

— பத்து சதவீதத்துக்கு அந்தத் தப்பு தாங்கிடுத்து. யாருக்கும் தெரியலை. இப்போ சரியான நம்பரைப் போட்டா, பழசு ஏன் மாறித்துன்னு கமிட்டி தோண்டும். உன் பேருதான் நாறும். அதான் என் பேரைப் போட்டேன். எது நடந்தாலும் என்னோட போகட்டும்னு.

— உங்களோட போகுமா? உலை வெடிச்சா உங்களோட மட்டும் போகுமா? என் மானத்துக்கு அவா உசிரா விலை? யார் கேட்டா உங்களை?

— வேம்பு, அழாதே.

— அழலை. கோவம், உங்க மேலயும் என் மேலயும். அந்தக் கொட்டை எழுத்தை அழிச்சுட்டு என் பேரையும் சரியான நம்பரையும் போடுங்கோ. நாளைக்குக் கமிட்டிக்கு நான்தான் வரப்போறேன்.