எழுநூறு பக்கக் கோபம்

விழுப்புரத்தில் பஸ் ஏறியதிலிருந்து முன் இருக்கைப் பெண், செங்கல் கனத்தில் இருந்த பழைய ஆங்கில நாவல் ஒன்றின் கதையைத் தன் அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் திடீரென்று, "அந்தத் துரைங்க ரெண்டு பேரும் இன்னுமா பேசிக்கல?" என்று கேட்டதும் நான் காதைக் கொடுத்தேன்.

"எழுநூறு பக்கமா பேசலப்பா. தம்பி விருந்துக்கு நேர்ல வந்து கூப்புடாம, வேலைக்காரன்கிட்ட சீட்டு குடுத்தனுப்பிட்டாரு."

"தப்புதான? கூடப் பொறந்த அண்ணனுக்குத் தட்டுல வெத்தல பாக்கு வச்சி நேர்ல வந்து அழைக்க வேணாமா?"

"நம்ம விக்கிரவாண்டி சித்தப்பாவும் போன்லதான பத்திரிக்க அனுப்பினாரு. நாளைக்கு அவரு பொண்ணு கல்யாணம். நாம போவலியா?"

"நீ கதையச் சொல்லு."

"தம்பி செத்துட்டாரு. கேட்டதும் அண்ணன் ஓடினாரு."

"எழவுக்குத்தான் யாரும் அழைக்க வேணாமே" என்று அவர் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

விக்கிரவாண்டியில் பஸ் நின்றதும் அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஜல்தியா வாம்மா."

"டிக்கெட்டு திண்டிவனத்துக்குப்பா!"

"தெரியும். பந்தல் போட்டுக்கினு இருப்பான். ஒத்த ஆளா என்னா பண்ணுவான்? எறங்கு."