வாப்பாவை உள்ளே விடாத ஹாஸ்டல்

மும்பை மாட்டுங்காவில் மகளுக்கு இரண்டு ஹாஸ்டல் பார்த்துவிட்டு, உல்லாஸ்நகர் திரும்பும் லோக்கல் ரயிலில் என் எதிரே உட்கார்ந்திருந்தார் ஒரு தகப்பனார். பக்கத்தில், காலேஜில் சேரப்போகும் மகள்.

"என்னைய உள்ள விடலல்லா, அதான் நல்ல ஹாஸ்டல்," என்றார்.

"வாப்பா, இன்னொண்ணுல உங்கள உக்கார வச்சு சாயா குடுத்தாங்க. ரூம் வரைக்கும் கூட்டிட்டுப் போனாங்க."

"அதாம்ளா பயமா இருக்கு. என்னைய விட்டவங்க எவனையும் விடுவாங்க."

அவள் சிரித்துவிட்டாள். "அப்போ என் ரூம நீங்க பாக்கவே முடியாது. சலேகா, பரவால்லயா?"

அவர் தாணே தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"நான் வந்தா, வாசல் கேட்டு வரைக்கும் நீ வருவேல்லா?"

"செருப்பு மாட்டக்கூட நிக்காம ஓடி வருவேன். உங்கள விடாத ஹாஸ்டல்லயே சேத்துவிடுங்க வாப்பா."