கைப்பிடி இல்லாத மெஷின்

மாமா — ...இல்ல மாப்ள, மெஷின்ல காபிக்கொட்டையைப் போட்டாச்சு. மூடியும் போட்டாச்சு. அரைபடத்தான் மாட்டேங்குது.

மச்சினன் — மூடியைச் சுத்திப் பாருங்க மாமா.

மாமா — மூடி சும்மா சுத்துது. உள்ள கொட்டை அப்படியே உக்காந்திருக்கு.

மச்சினன் — காபி அரைக்கிறதுக்குப் போயி எங்கிட்ட கேக்குறீங்களே. அக்காகிட்ட கேட்டா ஒரு நிமிஷ வேலை.

மாமா — உங்க அக்கா... ஆபீஸ்ல ட்ரெயினிங்னு வெளியூர் போயிருக்கா. அங்க ஃபோன் எடுக்கக் கூடாதாம்.

மச்சினன் — அப்படியா... எனக்குத் தெரியாதே. போயி எத்தனை நாளாச்சு?

மாமா — நாலு நாள். அதை விடு. நீ லேத் பட்டறைக்காரன், மெஷின்னா உனக்குத் தெரியுமேன்னு கூப்பிட்டேன்.

மச்சினன் — நான் கடையறது இரும்பு மாமா. குடிக்கிறது டீ. காபிக்கும் எனக்கும்... ஒரு நிமிஷம்... ம்... ஆங், தூள் எவ்வளவு நைஸா வரணும்னு வைக்க அடியில ஒரு திருகு இருக்கும் பாருங்க. அதை முழுசா இறுக்கிட்டு, பதினெட்டு டிக் தளர்த்தணும்.

மாமா — டிக்குன்னா?

மச்சினன் — திருப்பும்போது டிக்கு டிக்குனு சத்தம் வருமாம். வரும்.

மாமா — இரு... ஒம்பது, பத்து... மெஷினைத் தலைகீழா பிடிச்சிருக்கேன், இப்ப எந்தப் பக்கம் தளர்த்துறது?

மச்சினன் — கொட்டையை உள்ள வச்சுக்கிட்டா தலைகீழா பிடிச்சீங்க?

மாமா — ஐயய்யோ... படியில உருண்டு... தரையில உருண்டு போச்சு. எத்தனை எண்ணினேன்?

மச்சினன் — கணக்கு வாத்தியாரு நீங்க. பதினெட்டு வரைக்கும் எண்ண என்னைக் கேக்குறீங்க.

மாமா — கிண்டல் பண்ணாத. மறுபடியும் ஒண்ணுல இருந்து... ஒண்ணு...

மச்சினன் — அங்க என்ன மாமா ஹாரன் சத்தம்?

மாமா — ஜன்னல் திறந்திருக்கு.

மச்சினன் — அதே ஹாரன் எங்க தெருவுலயும் இப்பதான் கேட்டுச்சு...

மாமா — ஊர்ல ஒரு வண்டிக்குத்தான் ஹாரனா? மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாத. ஆமா, டீ குடிக்கிற உனக்கு இந்தப் பதினெட்டு எப்படித் தெரியும்?

மச்சினன் — அது... பொதுவா எல்லா மெஷினுக்கும் அப்படித்தான்.

மாமா — பொதுவா. சரி. பொதுவா இதுல கைப்பிடி எங்க இருக்கும்?

மச்சினன் — மேலதான், மூடிக்கு நடுவுல. ஏன்?

மாமா — இங்க ஒரு கம்பி மட்டும் மொட்டையா நீட்டிக்கிட்டு நிக்குது. கைப்பிடியைக் காணோம். அலமாரி, டிராயர், ஃப்ரிட்ஜ்ல கூட பாத்துட்டேன்.

மச்சினன் — கைப்பிடியா... ஒரு நிமிஷம் மாமா... என்னது... ஏன்...

மாமா — மாப்ள? யாருகிட்ட பேசுற?

மச்சினன் — டிவி மாமா.

மாமா — டிவிகிட்டயா பேசுற?

மச்சினன் — டிவி பேசுது... எனக்கே தலையும் புரியல, வாலும் புரியல. ஒண்ணு கேக்கட்டா? உங்களுக்குத்தான் காபியே ஆகாதே. நெஞ்செரிச்சல்னு வெந்நீர்தானே குடிப்பீங்க. யாருக்கு அரைக்கிறீங்க?

மாமா — ...அவளுக்குத்தான்.

மச்சினன் — அக்கா ஊர்லயே இல்லன்னீங்க?

மாமா — வந்தா குடிப்பால்ல.

மச்சினன் — எப்ப வருவாங்க?

மாமா — அதான் தெரியல மாப்ள... ட்ரெயினிங் எல்லாம் இல்ல. நான் சொன்னது பொய். அன்னைக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு. சட்டை இஸ்திரி போடாம கிடந்துச்சு. அவ ஜன்னல் பக்கம் நின்னு, இதைச் சுத்திக்கிட்டே வெளிய பாத்துக்கிட்டு இருந்தா. "ஒரு கைப்பிடியைச் சுத்திக்கிட்டு நிக்கிறதெல்லாம் ஒரு வேலையா"ன்னு கேட்டுட்டேன்.

மச்சினன் — அவங்க என்ன சொன்னாங்க?

மாமா — மெஷினை வச்சுட்டு என் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டா. திட்டியிருந்தா தேவலை. சாயங்காலம் வந்து பாக்குறேன், ஆளையும் காணோம், பையையும் காணோம். நாலு நாளா வீடு வீடாவே இல்ல மாப்ள.

மச்சினன் — மாமா... அது வந்து...

அக்கா — இங்க குடு ஃபோனை. ...நாந்தான் பேசுறேன். கைப்பிடி என் கைப்பையில இருக்கு. அந்தப் பதினெட்டும் நான் சொல்லிக்குடுத்ததுதான். எழுந்திரிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும் எல்லாருக்கும் ஓடுறேன். அந்தப் பத்து நிமிஷம்தான் எனக்கே எனக்குன்னு இருந்துச்சு. அதையும் வேலையா இல்லையான்னு நீங்க கணக்குப் போட்டீங்க. அதான் கழட்டி எடுத்துக்கிட்டு வந்துட்டேன். வேணும்னா வந்து வாங்கிக்கோங்க.

மாமா — நீ அங்க இருக்கேன்னு எனக்கு முதல்லயே தெரியும். நானும் வீட்டுல இல்ல... அரை மணி நேரமா உன் தம்பி வீட்டு வாசப்படியிலதான் மெஷினை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், கதவைத் தட்டத் தைரியம் வரல. கைப்பிடியை எங்கிட்ட குடுக்க வேணாம், நீயே மாட்டி நீயே அரை... அந்தப் பத்து நிமிஷமும் நான் வாயைத் திறக்கமாட்டேன்.